தக்காளி சிவக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

செங்காய்த் தக்காளி ஒன்றை எடுத்துக் குறுக்காக நறுக்கிப் பாருங்கள். தோல் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். காம்புக்கு எதிர்ப்பக்கம் மட்டும் லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ ஓடியிருக்கும். ஆனால் உள்ளே, விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பான பகுதி அதற்கு முன்பே நிறம் மாறியிருக்கும். தக்காளி உள்ளிருந்து வெளியே பழுக்கிறது. அடியிலிருந்து காம்பை நோக்கிப் பழுக்கிறது. தோலைப் பார்த்து "இப்பத்தான் பழுக்க ஆரம்பிக்குது" என்று நாம் சொல்லும் நேரத்தில் உள்ளே பாதி வேலை நடந்திருக்கும்.

அது என்ன வேலை? பச்சையம் சிதைந்து போகிறது, அதற்குப் பின்னால் மறைந்திருந்த சிவப்பு வெளியே தெரிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உதிரப்போகும் இலை மஞ்சளாவதற்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். அந்த மஞ்சள் நிறமி இலையில் ஏற்கெனவே இருப்பதுதான். தக்காளிக்கு இது பொருந்தாது. பச்சைக் காயில் லைக்கோபீன் என்ற அந்தச் சிவப்பு நிறமி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பழுக்கும்போதுதான் அது புதிதாக உருவாகிறது. அதை உருவாக்கும் நொதிகளும் பெருமளவு அப்போது புதிதாக வந்தவையே. நொதி என்றால் புரதம். ஆக, பழுப்பது என்பது முதலில் ஒரு புரதக் கதை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழுப்பதை அழுகலுக்கு முந்திய படியாக, செல்கள் தளர்ந்து கட்டுப்பாடு இழப்பதாகப் பார்க்கும் பழக்கம் அறிவியலிலும் நெடுங்காலம் இருந்தது. 1968-ல் பேரிக்காயை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். செல்லில் புதுப் புரதம் உருவாகாமல் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு என்ற வேதிப்பொருளை ஆரம்பக் கட்டத்திலேயே கொடுத்தபோது காய் பழுக்கவில்லை. சும்மா சிதைவதுதான் பழுப்பது என்றால் புதுப் புரதத்தைத் தடுத்தால் என்ன குறையப்போகிறது? பழம் ஆவதற்குச் செடி உழைக்க வேண்டியிருக்கிறது. பழுக்கும்போது காயின் சுவாசமும் கூடுகிறது.

இந்த உழைப்பில் பெரும்பங்கு நடக்கும் இடம், செல்லுக்குள் இருக்கும் கணிகம் என்ற சிறு உறுப்பு. பள்ளிப் பாடத்தில் பசுங்கணிகம், வண்ணக்கணிகம், வெளிர்கணிகம் என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்திருப்போம். மூன்றும் தனித்தனிப் பொருள்கள் போலத் தோன்றும்படி அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மையில் அவை ஒரே உறுப்பின் வெவ்வேறு நிலைகள். ஒன்று இன்னொன்றாக மாற முடியும். பச்சைத் தக்காளியின் சதையில் ஒவ்வொரு செல்லிலும் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. இலையில் இருப்பவற்றைப் போலவே அவையும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அவற்றைச் சுற்றி இரட்டைச் சவ்வு. உள்ளே தைலகாய்டு என்ற மடிப்புச் சவ்வுகள், அவற்றில் பச்சையமும் அதைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்களும். மீதி இடத்தில் ஸ்ட்ரோமா என்ற கூழ்மம், அதில் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் ரூபிஸ்கோ முதலான நொதிகள்.

கணிகத்துக்குச் சொந்தமாக டிஎன்ஏ உண்டு. தக்காளியில் அதன் நீளம் ஏறத்தாழ 1,55,000 கார இணைகள். அது சின்னதுதான், அதில் புரதங்களுக்கான மரபணுக்கள் 80 அளவில்தான் இருக்கும். கணிகத்துக்குள் வேலை செய்யும் மற்ற ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு மரபணு செல்லின் உட்கருவில் இருக்கிறது. அவை வெளியே உருவாகி, கணிகத்தின் இரட்டைச் சவ்விலுள்ள நுழைவழிகள் வழியாக உள்ளே போகின்றன. இந்த நுழைவழி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது முக்கியமாகப் போகிறது.

இப்போது சிவந்த பழத்தின் சதையைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால், பெரிய பெரிய செல்களுக்குள் ஆரஞ்சும் சிவப்புமாகச் சின்னச் சின்ன உருவங்கள் தெரியும். சிலவற்றில் ஊசிபோல நீண்ட சிவப்புப் படிகங்கள் இருக்கும். அவைதான் வண்ணக்கணிகங்கள், படிகம் லைக்கோபீன். சரி, பச்சையாக இருந்தவை எங்கே போயின? அவை அழிந்து, இவை புதிதாகப் பிறந்தனவா? பிரான்சில் துலூஸ் நகர ஆய்வாளர்கள் பழுக்கும் தக்காளியின் செல்களை நேரம் விட்டு நேரம் லேசர் நுண்ணோக்கியில் படமெடுத்துப் பார்த்தார்கள். நிறம் மாறத் தொடங்கும் கட்டத்தில் ஒரே கணிகத்துக்குள் பச்சையமும் கரோட்டினாய்டும் (லைக்கோபீன் சேர்ந்த நிறமிக் குடும்பம்) சேர்ந்து இருந்தன. ஒரு செல்லிலுள்ள கணிகங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மாறின. புதிதாக எதுவும் பிறக்கவில்லை; பசுங்கணிகங்களே வண்ணக்கணிகங்களாகின.

நெல் அரைக்கும் மில்லை எண்ணெய் ஆட்டும் மில்லாக மாற்றுகிற மாதிரிதான் இது. சுவரும் கூரையும் கரண்டு இணைப்பும் இருந்தபடி இருக்கும். உள்ளே இருக்கும் எந்திரங்களைத்தான் கழற்றி வேறு பூட்டுவார்கள்.

எதைக் கழற்றுகிறார்கள், எதைப் பூட்டுகிறார்கள் என்று பட்டியலெடுத்ததுதான் துலூஸ் குழு செய்த பெரிய வேலை. பழத்தின் சதையை மென்மையாக அரைத்து, கணிகங்கள் உடையாமல் பிரித்தெடுக்க வேண்டும். அடர்த்தி வேறுபட்ட கரைசல் அடுக்குகளில் இட்டு வேகமாகச் சுழற்றினால் கணிகங்கள் தம் அடர்த்திக்கேற்ற அடுக்கில் தங்கும். அவற்றிலுள்ள புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, நிறை நிறமாலைமானி என்ற கருவியில் ஒவ்வொரு துண்டின் எடையையும் அளந்து, எந்தத் துண்டு எந்தப் புரதத்தைச் சேர்ந்தது என்று கணினி வழியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புரதத்தின் துண்டுகள் எத்தனை முறை தென்படுகின்றன என்பதை வைத்து அது எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடலாம். 2010-ல் சிவந்த பழத்தின் வண்ணக்கணிகங்களில் மட்டும் 988 புரதங்களை அடையாளம் கண்டார்கள். அவற்றில் 209 அதுவரை எந்தக் கணிகப் பட்டியலிலும் இல்லாதவை. 2012-ல் முற்றிய பச்சை, நிறம் உடையும் கட்டம் (பச்சை மாறத் தொடங்கும் நேரம்), சிவப்பு என மூன்று நிலைகளிலும் கணிகங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். இந்த முறை 1,932 புரதங்கள் கிடைத்தன. அவற்றில் 1,529 புரதங்களின் அளவையும் மதிப்பிட முடிந்தது.

அந்தப் பட்டியல் சொல்லும் செய்தி தெளிவானது. தைலகாய்டுப் புரதங்கள் தொடர்ந்து சரிகின்றன. ஒளியை வாங்கும் புரதங்கள், கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிகள், மாவுச்சத்தைச் சேர்க்கவும் கரைக்கவும் உதவும் நொதிகள் எல்லாம் குறைகின்றன. இந்த இறக்கத்தின் பெரும்பகுதி நிறம் உடையும் கட்டத்துக்கும் சிவப்புக்கும் இடையில்தான் நடக்கிறது. இருக்கும் தைலகாய்டு கலைவதோடு நிற்பதில்லை; புதுத் தைலகாய்டு கட்டுவதற்கான ஏற்பாடே கலைகிறது. அதே நேரம் கணிகத்தின் வெளிச்சவ்வுப் புரதங்களும் ஸ்ட்ரோமாப் புரதங்களும் மொத்தத்தில் பெரிதாக மாறுவதில்லை. அழுகலில் இப்படித் தேர்ந்தெடுத்து நடக்காது. சிவந்த பழத்திலும் ரூபிஸ்கோ உட்பட, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சியின் நொதிகள் எல்லாம் ஓரளவு மிச்சம் இருக்கின்றன என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

கணிகம் இரண்டாகப் பிரிந்து பெருகுவதற்கான புரதங்களும் பழுக்கும்போது இல்லாமல் போகின்றன. இதற்கு நடைமுறையில் பெரிய பொருள் உண்டு. ஒரு செல்லில் எத்தனை வண்ணக்கணிகங்கள் இருக்கப்போகின்றன என்பது காய் பச்சையாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. 'ஹை பிக்மென்ட்' என்று அழைக்கப்படும் தக்காளி வகைகளில் பச்சைக் காயிலேயே கணிகம் அதிகம். காய் கரும்பச்சையாக இருக்கும். பழுத்ததும் அவற்றில் லைக்கோபீனும் அதிகம்.

பச்சையத்தைக் கழற்றுவது ஆபத்தான வேலை. புரதப் பிடியிலிருந்து விடுபட்ட பச்சையம் வெளிச்சம் பட்டால் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கி, சுற்றியுள்ள சவ்வையும் புரதத்தையும் தாக்கும். அதனால் செல் அதைப் படிப்படியாக உடைத்து, நிறமற்ற, தீங்கற்ற பொருளாக்குகிறது. முதல் படியில் பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தை எடுக்க வேண்டும். அதற்கான புரதத்தின் மரபணு பழுதானால் பச்சையம் போகாது. ஆனால் லைக்கோபீன் வழக்கம்போல உருவாகும். சிவப்பும் பச்சையும் கலந்து பழம் செம்பழுப்பாகும். 'கறுப்புத் தக்காளி' என்று வெளிநாடுகளில் விரும்பி வளர்க்கும் பழைய ரகங்கள் பலவும் இப்படி வந்தவைதான். பச்சை போவதும் சிவப்பு வருவதும் இரு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இந்த ஆபத்தைச் சமாளிக்கும் புரதங்கள் பழுக்கும்போது கூடுகின்றன என்பதும் துலூஸ் பட்டியலில் தெரிந்தது. வைட்டமின் சி-யும் குளூட்டாத்தயோனும் சேர்ந்து இயங்கும் பாதுகாப்புச் சுழற்சியின் நொதிகள், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் ஆகியவை அவை. வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்ற பெயரைப் பார்த்துச் சூடு பட்டால்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். மற்றப் புரதங்கள் உருக்குலையாமல் காப்பது அதன் பொது வேலை. எச்எஸ்பி21 என்ற சிறிய கணிகப் புரதம் சூடே இல்லாமல் பழுக்கும்போது தானாகக் கூடுகிறது. அதைச் செயற்கையாகக் கூட்டிய செடிகளில் பழத்தின் நிறமாற்றம் வேகமானது என்று 2005-ல் காட்டினார்கள்.

அடுத்தது, சிவப்பை வைக்க இடம். லைக்கோபீன் தண்ணீரில் கரையாது. அதற்குக் கொழுப்பும் சவ்வும் வேண்டும். கணிகத்தின் சொந்த டிஎன்ஏ-வில் உள்ள மரபணுக்கள் பழத்தில் பெரும்பாலும் அடங்கிப்போகின்றன, ஒளிச்சேர்க்கைக்கு இனி வேலை இல்லை என்பதால். அந்த ஓய்வில் சேராமல் துடிப்பாக இருப்பது ஏசிசிடி என்ற மரபணு. அது கொழுப்பு அமிலம் உருவாவதன் முதல் நொதியின் ஒரு பகுதியைத் தருகிறது. அந்தப் புரதம் மற்ற மாற்றங்களுக்கு முன்பே கூடிவிடுகிறது. சிவப்பு வருவதற்கு முன்பே அதைத் தாங்குவதற்கான கொழுப்புக்கு ஏற்பாடு நடந்துவிடுகிறது, அவ்வளவு ஒழுங்கு.

பிறகுதான் லைக்கோபீன். 20 கரி அணுக்கள் கொண்ட இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்து 40 கரி அணுக்கள் கொண்ட பைட்டோயீன் ஆக்குவது பைட்டோயீன் சிந்தேஸ் என்ற நொதி. பைட்டோயீனுக்கு நிறம் கிடையாது. அதிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து எடுத்து இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் மஞ்சள் வந்து, கடைசியில் 11 இரட்டைப் பிணைப்புகள் தொடராக அமைந்த லைக்கோபீனில் சிவப்பு வருகிறது. இலையில் இந்தப் பாதை இங்கே நிற்காது. லைக்கோபீனின் முனைகளை வளையமாக்கும் நொதிகள் அதைப் பீட்டா கரோட்டினாகவும் லூட்டினாகவும் மாற்றிவிடும். பழுக்கும் தக்காளியில் பாதையின் தொடக்கத்திலுள்ள பைட்டோயீன் சிந்தேஸ் பலமடங்கு கூடுகிறது, வளையமாக்கும் நொதிகள் அடங்குகின்றன. வரவு கூடி, செலவு நிற்பதால் லைக்கோபீன் குவிகிறது. குவிந்து குவிந்து படிகமாகிறது.

மரபணு மாறிய தக்காளிகள் இதை அப்படியே காட்டுகின்றன. பழத்துக்கான பைட்டோயீன் சிந்தேஸ் பழுதானால் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். இடையில் மூலக்கூறின் வடிவத்தைத் திருத்தும் ஓர் ஐசோமரேஸ் நொதி பழுதானால் வடிவம் மாறிய லைக்கோபீன் சேர்ந்து ஆரஞ்சு நிறம் வரும். வளையமாக்கும் நொதி ஒன்று வழக்கத்துக்கு மேல் வேலை செய்தால் பீட்டா கரோட்டின் கூடி, அதுவும் ஆரஞ்சாகும். கடையில் பார்க்கும் இரண்டு ஆரஞ்சுத் தக்காளிகளுக்குள் முற்றிலும் வேறு காரணங்கள் இருக்கலாம்.

இனி, மனதில் வைக்கச் சொன்ன நுழைவழி. புது நொதிகளுக்கான மரபணுக்கள் உட்கருவில் இருப்பதால் அவை வெளியிலிருந்துதான் கணிகத்துக்குள் வர வேண்டும். ஒளிச்சேர்க்கைப் புரதங்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்த நுழைவழிப் புரதங்களை அப்படியே வைத்திருந்தால் மாற்றம் தாமதப்படும். கணிகத்தின் வெளிச்சவ்வில் எஸ்பி1 என்ற புரதம் இருக்கிறது. எந்தப் புரதத்தைச் சிதைக்க வேண்டுமோ அதன்மீது யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி அடையாளமிடுவது அதன் வேலை. அடையாளமிட்டதைச் செல்லின் சிதைப்பு அமைப்பு வெளியே இழுத்து உடைத்துவிடும். எஸ்பி1 குறிவைப்பது நுழைவழிப் புரதங்களைத்தான். பால் ஜார்விஸ் குழுவினர் இதை முதலில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கண்டார்கள். 2021-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து தக்காளியில் செய்து காட்டினார்கள்: எஸ்பி1 கூடினால் பழம் சீக்கிரம் சிவக்கிறது, குறைந்தால் தாமதமாகிறது. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை நுழைவழியை மாற்றியே செல் தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் வந்த கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

வேறொரு கேள்வியும் எழும். ஒளிச்சேர்க்கை போய்விட்டால் கணிகத்துக்கு ஆற்றல் ஏது? வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது, தானும் ஓரளவு தயாரிக்கிறது. ஆற்றல் தரும் புரதங்களும் பொருள்களை உள்ளே கொண்டுவரும் புரதங்களும் வண்ணக்கணிகத்தில் ஏராளமாக இருப்பதைப் பட்டியலிலேயே பார்க்கலாம். பிரித்தெடுத்த வண்ணக்கணிகங்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குவதையும் பின்னால் நிரூபித்தார்கள்.

இத்தனையையும் தொடங்கிவைப்பது எத்திலீன் வாயு என்பது பலருக்குத் தெரிந்ததுதான். எத்திலீனுக்கும் மேலே மரபணுக் கட்டுப்பாடு இருக்கிறது. 'ரின்' என்ற மரபணு மாற்றம் கொண்ட தக்காளி செடியில் எத்தனை நாள் விட்டாலும் சிவக்காது. அந்த மரபணுவை 2002-ல் அடையாளம் கண்டார்கள். சதை இளகுவது கணிகத்துக்கு வெளியே, செல்சுவரில் நடக்கும் தனிக்கதை. அதற்கான நொதிகளில் ஒன்றை அடக்கி 1994-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததுதான் 'ஃபிளேவர் சேவர்' என்ற மரபணு மாற்றத் தக்காளி. அது சந்தையில் நிலைக்கவில்லை.

விவசாயிகளுக்கு இதில் உடனடியாகப் பயன்படுவது முற்றிய பச்சை என்ற நிலையை அறிவது. எத்திலீன் கொடுத்தாலும் பிஞ்சுக் காய் ஒழுங்காகப் பழுக்காது. காயை நறுக்கும்போது கத்தி விதைகளை வெட்டிக்கொண்டு போனால் அது இன்னும் முற்றவில்லை. விதைகள் வெட்டுப்படாமல் கொழகொழப்புக்குள் வழுக்கி ஒதுங்கினால் முற்றிவிட்டது. பறித்த பிறகும் பழுக்கும்.

கணிகத்தைப் பற்றிய அறியாமையால் உலகம் முழுவதும் ஒரு நட்டம் நடந்திருக்கிறது. பழைய ரகங்களில் காயின் காம்புப் பக்கம், தோள் என்று சொல்லும் இடம், கரும்பச்சையாக இருக்கும். காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்தால் முற்றியதைக் கண்டுபிடிப்பதும் ஒரே நேரத்தில் பறிப்பதும் எளிது. அதனால் பல பத்தாண்டுகளாக ஒரே நிறக் காயைத் தரும் செடிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2012-ல் ஆன் பவல் தலைமையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் இந்த நிற வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஜிஎல்கே2 என்ற அந்த மரபணு காயில் பசுங்கணிகங்களை வளர்ப்பது. ஒரே நிறக் காய்களில் அது பழுதடைந்திருக்கிறது. அது நன்றாக இருக்கும் பழத்தில் சர்க்கரையும் கரோட்டினாய்டும் கூடுதல். பார்ப்பதற்கும் பறிப்பதற்கும் வசதியைத் தேடியதில் சுவையைத் தரும் கணிகங்களைக் கைவிட்டிருக்கிறார்கள். இன்றைய தக்காளியில் சுவை இல்லை என்று மூத்தவர்கள் சொன்னால் அதை வெறும் பழைய நினைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. சுமார் 30 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் லைக்கோபீன் உருவாவது தடைப்படுகிறது; பீட்டா கரோட்டின் மட்டும் தொடர்ந்து வருகிறது. சித்திரை, வைகாசியில் நம் சமவெளித் தோட்டங்களில் பழங்கள் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த நேரத்தில் செங்காயாகப் பறித்து, காற்றோட்டமான நிழலில் 20 முதல் 25 டிகிரியில் வைக்க முடிந்தால் நிறம் நன்றாக வரும்.

குளிர் வேறு விதமாகக் கெடுக்கிறது. செங்காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாற்றம் பாதியில் நின்றுவிடும். நன்றாகச் சிவந்த பழமானால் நிறம் போகாது, ஆனால் மணம் குறையும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிளீ குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரியில் 7 நாள் வைத்த பழங்களில் சர்க்கரையும் புளிப்பும் மாறவில்லை. மணப்பொருள்கள் மட்டும் வெகுவாகக் குறைந்தன. குளிரில் மணத்துக்கான மரபணுக்கள் அடங்கி, வெளியே எடுத்துவைத்த பிறகும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. அந்த மணத்தில் ஒரு பங்கு கணிகத்தோடு தொடர்புடையதுதான்: கொழுப்பு அமிலத்திலிருந்து வரும் பச்சை வாசனைக்கான நொதி கணிகத்துக்குள் இருக்கிறது, பழ வாசனை தரும் சில பொருள்கள் கரோட்டினாய்டு உடைந்து வருபவை.

பழுத்த தக்காளியைப் பச்சையாகக் கடித்துத் தின்றால் படிகமாகச் சேர்ந்திருக்கும் லைக்கோபீனில் பெரும்பகுதி அப்படியே குடலைக் கடந்துபோய்விடும். மசித்துச் சூடாக்கும்போது செல்சுவரும் கணிகமும் உடைகின்றன. கூட இருக்கும் எண்ணெயில் லைக்கோபீன் கரைகிறது. தக்காளிச் சாற்றை எண்ணெயோடு கொதிக்கவைத்துக் குடித்தவர்களின் ரத்தத்தில்தான் லைக்கோபீன் கூடியது என்று 1992-லேயே ஜெர்மனியில் அளந்து காட்டினார்கள். வதக்கி அரைத்த தக்காளிச் சட்னியிலும் தொக்கிலும் அது எளிதாகக் கிடைக்கும்.